இலை எடுக்கும்வரை பதவி கிடையாது

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 20 நிமிடம். பன்னிரண்டு சோலார் தகடுகளில் ஒன்பதாவதை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வயல். மழை பிடிப்பதற்குள் மோட்டார் ஓடியாக வேண்டும் என்று விவசாயி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கைப்பேசியில் எப்சிபா அக்காவின் பெயர் வந்தது. எடுத்த எடுப்பில், "நாளைக்குத்தானேக்கா, ஞாபகம் இருக்கு, பத்து மணிக்கெல்லாம் கோர்ட்ல இருப்பேன்" என்றேன். பேசியது அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன். "எப்சி தூக்கத்துலயே போயிட்டா தம்பி. சாயங்காலம் நாலரைக்கு அடக்கம்" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டு வா" என்றார். அந்த வீட்டில் சாவுச் செய்தியும் அப்படித்தான் முடியும்.

மீதி மூன்று தகடுகளையும் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டுப் போய் நின்றிருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே திட்டியிருப்பார்.

நம் உரையாடல் குழுவின் மடலுக்கு அஞ்சலி எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். உருக்கமாக எழுத எனக்கு வராது. நான் படித்தது மின்னியல். தெரிந்தது பழுது தேடுவது. அக்கா போன துக்கம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அவரை அடக்கம் செய்த மறுநாள் நடந்ததை நினைத்தால் இந்த நிமிடம்கூட உட்கார முடியவில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும் என்பதால் முதலிலிருந்து.

உங்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்கு: எப்சிபா அக்கா தஞ்சாவூரில் வழக்கறிஞர். லுத்தரன் குடும்பம், ஐம்பத்துச் சொச்சம் வயது, பழைய ஸ்கூட்டர், அதை நேராக நிறுத்தத் தெரியாது. கிரிமினல் வழக்குகள்தான் நடத்தினார், அதிலும் காசு தர முடியாதவர்களுடையவை. மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் சிறையையும் நீதிமன்றத்தையும் பற்றி ஒரு பொது உரையாடல் நடத்திவந்தார். சிறையிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய வீட்டார், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள், சிறை அலுவலர்கள், கோர்ட் ஊழியர்கள், கிராம அதிகாரிகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். மேடை, பேனர், பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை உரை, சிறப்புரை. உள்ளே கிடந்து வந்தவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவன் முறை வரும்போது நேரமின்மை காரணமாக நாட்டுப்பண். அக்கா இதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முதலில் சாப்பாடு. தரையில் பாய், வாழை இலை, சாம்பார், ரசம், ஒரு கூட்டு. பந்தியில் பெயரும் ஊரும் மட்டும் சொல்லலாம். "இலை எடுக்கும்வரை பதவி கிடையாது." இது அவருடைய சட்டம். இலை எடுத்த பிறகு முதலில் பேசுவது உள்ளே இருந்தவர். பதவியில் இருப்பவர்கள் கடைசியில். ஏன் இப்படி என்று நான் பிற்பாடு கேட்டதற்கு அவர் சொன்னது: "பசியோட வர்றவன் மனு குடுப்பான் தம்பி. சாப்பிட்டவன்தான் கேள்வி கேப்பான்."

நான் அங்கே முதலில் போனது சண்டை போட. என் அண்ணன் ரவி மணல் டிராக்டர் ஓட்டினார். வண்டி வேறொருவருடையது, மணல் இன்னொருவருக்கு, மாட்டியது அண்ணன். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் ஆள் வரவில்லை. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், இருவரிடமும் சொந்த நிலப் பட்டா இருக்க வேண்டும் என்றார்கள். திருவையாற்றுப் பக்கம் எங்கள் தெரு முழுக்கக் கோயில் மனை. வீட்டு வரி ரசீது இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறோம். பட்டா ஒருவரிடமும் கிடையாது. பட்டா வைத்திருக்கும் தெருவில் எங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒருவரும் கிடையாது. கோர்ட் 'போகலாம்' என்று சொன்ன பிறகும் என் அண்ணன் வாரக்கணக்கில் உள்ளேயே இருந்தார். அந்த ஆத்திரத்தோடு ஹாலுக்குள் நுழைந்தால், ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்து அழுத்திப் பாயில் உட்காரவைத்து இலை போட்டார். அவர்தான் எப்சிபா அக்கா.

என் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதர், அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"திருவையாறு பக்கம். எங்க அண்ணன் உள்ள இருக்காரு. நீங்க?"

"நானும் உள்ளதான்."

"எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"இருபத்தாறு வருஷம்."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "இருபத்தாறா? என்ன கேஸுண்ணே?"

"அது பெரிய கேஸு. இன்னும் முடியல. ரசம் ஊத்திக்கங்க."

இவ்வளவு காலம் உள்ளே இருந்தவருக்குத்தான் என் கோபம் புரியும் என்று நினைத்து, சிறை அதிகாரிகளைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். சிலவற்றுக்கு "அது நெசந்தான்" என்றார். குளிக்கத் தண்ணீர் விடுவதில்லையாமே என்றபோது மட்டும், "வேணும்னு இல்ல தம்பி, மோட்டார் எரிஞ்சு கெடக்கு. எழுதிப் போட்டிருக்கு, ஆளு வரல" என்றார். இலை எடுத்ததும் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொண்டார். கதிர்வேலு, கிளைச் சிறைக் கண்காணிப்பாளர். என் அண்ணன் இருந்த சிறையேதான்.

அக்கா என்னிடம் வந்து குனிந்து, "திட்டினியா?" என்றார்.

"திட்டிட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"நல்லது. யாருன்னு தெரிஞ்சிருந்தா பாதியை முழுங்கியிருப்பே. அவரும் பாதியைத்தான் கேட்டிருப்பாரு."

அந்த மோட்டாரை மறுவாரம் நானே போய்ப் பார்த்தேன். கப்பாசிட்டர் போயிருந்தது, அவ்வளவுதான். அதற்காக அத்தனை பேர் குளிக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம், இலை எடுத்த பிறகு நடந்ததை வாழ்நாளில் மறக்க மாட்டேன். என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார். நான் கத்தினேன். முடித்ததும் அக்கா ஆறுதல் சொல்லவில்லை, கை தட்டச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பட்டா வேணும்னு யாரு கேட்டாங்க?"

ஒரு வழக்கறிஞர் சொன்னார்: "கோர்ட் ஆபீஸ்ல கேப்பாங்கம்மா. இல்லாம போனா திருப்பி அனுப்புவாங்க."

கோர்ட் அலுவலகத்தைக் கவனிக்கும் சிரஸ்தார் அங்கேயே இருந்தார். அவர் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டீங்களா சார்?"

"ஜட்ஜ் ஐயா பாப்பாங்கன்னு வெக்கிறதும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா எங்களைத்தானே கேப்பாங்க."

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கேட்டதா ஞாபகம் இல்லையே. வெச்சாங்க, பார்த்தேன். ஜாமீன்தாரர் தகுந்த ஆளான்னு நான் திருப்திப்படணும், அவ்வளவுதான் சட்டம். அதுக்குப் பட்டாதான் வேணும்னு எங்கயும் எழுதல."

கிராம நிர்வாக அலுவலர்: "கேட்டு வர்றாங்க, சான்று குடுக்குறோம். எதுக்குன்னு நாங்க கேக்குறதில்ல."

கதிர்வேலு சார்: "எங்களுக்கு விடுதலை ஆர்டர் வந்தா போதும். பட்டாவை நாங்க பாக்குறதே கிடையாது."

"அப்ப யாருதான் கேட்டாங்க?" என்றார் அக்கா மறுபடி.

சிரஸ்தார், "நான் வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சும்மா" என்றார். அக்கா சிரித்துவிட்டார். பிறகு அவரும் சிரித்தார்.

என் தொழிலில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் ஒரு ஒயர் இருக்கும். எங்கிருந்தும் வராது, எங்கேயும் போகாது. ஆனால் முன்னால் வேலை பார்த்தவர் விட்டுவைத்திருக்கிறாரே என்று யாரும் அதைத் தொட மாட்டார்கள். நிலம்தான் மனிதன் என்று நினைத்துப் பழகிய காவிரிப் பக்கத்தில், யாரும் போடாத ஒரு விதியை எல்லோரும் சேர்ந்து காவல் காத்திருக்கிறார்கள். அதன் மறுமுனையில் என் அண்ணன். "பட்டா இருக்கறவன் ஓட மாட்டான்னு யாரு சொன்னது?" என்றார் அக்கா. "வெளிநாட்டுக்கு ஓடினவனெல்லாம் பட்டாவோடதான் ஓடினான்."

அப்புறம்தான் எனக்கும் அவருக்கும் முதல் சண்டை. பழுது தெரிந்துவிட்டது, ஒயரைப் பிடுங்கு, முடிந்தது வேலை என்பது என் கட்சி. அன்றைக்கே பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும், சிரஸ்தார் மீது புகார் எழுத வேண்டும் என்று குதித்தேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீ ஜெயிக்கணும்னு பேசற. நான் அவரு திங்கக்கிழமை ஆபீசுக்குப் போய் பட்டா இல்லாத மனுவை ஜட்ஜ்கிட்ட வெக்கணும்னு பேசறேன். அவமானப்பட்டவன் வெப்பானா?" என்றார். நான் விடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தால் எப்போது முடியும் என்று கேட்டேன். "உன் மோட்டாரு மாதிரி மனுசனுக்குச் சுவிட்சு இல்ல தம்பி. இந்தா, இந்த அண்டாவைப் பிடி" என்றார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் வைத்து மனு போனது. சிரஸ்தார் உள்ளே வைத்தார். மாஜிஸ்திரேட் எங்கள் மாமாவையும் எதிர்வீட்டுக்காரரையும் நாலு கேள்வி கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார். அண்ணன் வெளியே வந்தார். சிறை வாசலில் நின்று முதலில் கேட்டது, "நாத்து?" குத்தகை வயலுக்கு விட்டிருந்த சம்பா நாற்று அவருக்காகக் காத்திருந்து, வயது கடந்து, நடவுக்கு உதவாமல் போயிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தார். அவரே புரிந்துகொண்டார். மறுமாதம் ஹாலில் அண்ணன்தான் முதலில் பேசினார். "அடி, பசி இதெல்லாம்கூடத் தாங்கிட்டேன். ஜாமீன் கெடச்சிருச்சுன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கப்புறம் இருந்த நாளுதான் தாங்கல" என்று இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்தார். அன்றைக்குக் கதிர்வேலு சார் எழுந்து, ஜாமீன் கிடைத்தும் போகாமல் இருப்பவர்களின் பெயர்களை வாரத்துக்கு ஒருமுறை சட்ட உதவி மையத்துக்கு அனுப்பும் வேலை தன்னுடையது, இனி தானே பார்த்து அனுப்புவேன் என்றார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் அன்றுதான் அண்டா தூக்குவதைப் பற்றி வாய் பேசாமல் இருக்கக் கற்றேன். கொஞ்ச நாளைக்கு.

அதன் பிறகு நான் அந்தக் குழுவை விடவில்லை. அக்காவின் ஜூனியர் தமிழரசி மனுக்களைப் பார்த்துக்கொள்வார், நான் வண்டி ஓட்டுவேன், மோட்டார் பார்ப்பேன், யாராவது ஒரு அலுவலகத்தில் பொறுமையிழந்து கத்துவேன், அக்கா வந்து சமாதானம் செய்வார். ஒருமுறை, இவ்வளவு பேருக்கு ஜாமீன்தாரர் தேடி அலைவதற்கு நீங்களே நிற்கலாமே என்று கேட்டேன். வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்கு ஜாமீன் நிற்கக் கூடாது என்பது தொழில் விதி என்று சொல்லிவிட்டு, "எம் பேருல வீடு இருக்கு, பட்டா இருக்கு, ஆறு மா நெலம் இருக்கு. நான் நிக்க முடியாது. உங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீ நிக்கலாம். எப்படி இருக்கு பாத்தியா சட்டம்?" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குக் கடந்த மாதம்தான் புரிந்தது.

கடந்த மாதம் வந்த வழக்கு வீரையனுடையது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மரம் ஏறுபவர். தஞ்சாவூரை ஒட்டி ஒரு தோப்பு, அண்ணன் தம்பி இரண்டு பேர், பாகத் தகராறு. அண்ணன் தேங்காய் பறிக்கச் சொன்னார், வீரையன் பறித்தார். தம்பி திருட்டுப் புகார் கொடுத்தார். பறிக்கச் சொன்னவர் வீட்டில் இருக்கிறார், புகார் கொடுத்தவர் வீட்டில் இருக்கிறார், மரம் ஏறியவர் உள்ளே இருக்கிறார். அக்கா இதைச் சொல்லும்போது, "அந்த ரெண்டு பேருகிட்டயும் பட்டா இருக்கு" என்று சேர்த்துச் சொல்வார்.

ஜாமீன் கிடைத்தது. தங்கை செல்வி நிற்கத் தயார். இரண்டாவது ஆள் இல்லை. போலீஸ் விவகாரம் என்று ஊரில் எல்லோரும் ஒதுங்கினார்கள். அக்கா என்னிடம், "நில்லு" என்றார்.

"எனக்கு அவரைத் தெரியாதேக்கா. தெரியாதவருக்கு நிக்கக் கூடாதே."

"அப்ப தெரிஞ்சுக்க."

போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், மெலிந்த, கூச்சமான மனிதர். மறுபடி போனேன். செல்வியின் வீட்டுக்குப் போனேன். மரம் ஏறும் கயிறு ஆணியில் மாட்டியிருந்தது. மூன்றாவது முறை போனபோது, நான் சோலார் தகடு மாட்டக் கூரை ஏறும் விதம் தப்பு என்று விளக்கினார். ஆளைத் தெரிந்துகொண்டேன். 13ஆம் தேதி திங்கட்கிழமை கோர்ட்டில் நானும் செல்வியும் நிற்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலையில்தான் அந்தத் தொலைபேசி.

சாயங்காலம் வீட்டு வாசலில் கூட்டம். பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் வழக்கறிஞர்கள் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். சங்கச் செயலாளர் பொதுவாகச் சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள் கோர்ட் வேலையில கலந்துக்கல. அக்காவுக்கு நாம செய்யற மரியாதை." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு வழக்கறிஞர் இறந்தால் மறுநாள் மற்றவர்கள் வேலை செய்ய மாட்டார்கள். பழைய வழக்கம். நீதிமன்றம் திறந்திருக்கும், வழக்கை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

அதாவது எப்சிபா அக்காவுக்கு மரியாதை செய்வதற்காக வீரையன் இன்னும் ஒரு நாள் உள்ளே இருப்பார்.

"சார், நாளைக்குத்தான் நாங்க ஜாமீன் குடுக்கறோம்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை குடுங்க தம்பி."

"அக்கா பேரால ஒருத்தர் இன்னும் ஒரு நாள் உள்ள இருக்கணுமா?"

"சாவு வீட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது?"

யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். வேறு நேரமாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் வாயில் வந்தது என் பேச்சு இல்லை, அவருடையது. "இதை யாரு கேட்டாங்க சார்?"

செயலாளர் விழித்தார். "யாரு கேக்கணும்? சீனியருங்க எதிர்பார்ப்பாங்க."

பக்கத்தில் நின்ற மூத்த வழக்கறிஞர் திரும்பினார். "நானா? நான் எப்பய்யா கேட்டேன்? செய்யலன்னா சின்னப் பசங்க வருத்தப்படுவாங்கன்னு நானும் சும்மா இருக்கேன்."

தமிழரசி காலையிலிருந்து அழுது முகம் வீங்கி நின்றார். "எங்களை யாரும் கேக்கலை சார். கேட்டிருந்தா, அக்கா ஃபைலை நாளைக்கு நான் எடுத்து நடத்தறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதெல்லாம் சரிம்மா. குடும்பம் என்ன நெனைக்கும்?"

சாமுவேல் அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை. "குடும்பத்தைக் கேக்கறீங்களா?" என்றார். "எப்சி நாளைக்குக் கோர்ட்டுக்குக் கட்டறதுக்கு வெள்ளைச் சேலையை அயர்ன் பண்ணி வெச்சிருந்தா. அதைத்தான் இப்பக் கட்டிவிட்டிருக்கோம்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில பத்தரைக்கு எல்லாரும் வாங்க. எந்திரிச்சு நின்னு மௌனம். அப்புறம் வேலை" என்றார். சற்றுத் தள்ளி நின்ற கதிர்வேலு சார், யாரையும் பார்க்காமல், "ஆறு மணிக்குப் பூட்டுவோம். அதுக்குள்ள ஆர்டர் வந்துட்டா நான் அனுப்பிருவேன்" என்றார்.

திங்கட்கிழமை. பத்தரைக்குக் கோர்ட் ஹாலில் நிற்க இடமில்லை. மாஜிஸ்திரேட்டும் எழுந்து நின்றார். மௌனம் முடிந்ததும் வழக்கு எண் கூப்பிட்டார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது பாருங்கள், அதைவிடப் பெரிய மரியாதையை நான் கேட்டதில்லை. மதியத்துக்கு மேல் எங்கள் முறை. தமிழரசி அக்காவின் ஃபைலைத் திறந்து பேசினார். சிரஸ்தார் என் வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் அடுக்கி மேலே வைத்தார். அதே சிரஸ்தார். பட்டா எங்கே என்று கேட்கவில்லை. என்றைக்கும் கேட்டதே இல்லை என்பதுபோல் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு தடவை போய்ப் பார்த்துப் பேசியிருக்கேங்கய்யா. இவங்க தங்கச்சி வீடும் தெரியும்."

"வாய்தாவுக்கு வரலைன்னா பொறுப்பு உங்களுதுன்னு தெரியுமா?"

"தெரியுங்கய்யா. வருவாரு."

ஆர்டர் கைக்கு வரும்போது ஐந்தேகால். செல்வியைத் தமிழரசியின் வண்டியில் ஏற்றிவிட்டு நான் முன்னால் பறந்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. ஒரு சரக்கு வண்டி, நெல் மூட்டை ஏற்றியது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. விளைச்சலைப் பார்த்து நான் வயிறெரிந்தது அன்று ஒருநாள்தான். சிறை வாசலில் போய் நிற்கும்போது ஆறாக ஐந்து நிமிடம். கதிர்வேலு சார் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். "மூச்சு வாங்கிக்க தம்பி, நான் பூட்டச் சொல்லல" என்றார்.

செல்வியும் தமிழரசியும் வந்து சேர்ந்த நேரத்தில் வீரையன் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் தேடினார். "வக்கீலம்மா எங்க?"

யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஏறி எறங்கினா, கீழ நிக்கறவங்களுக்கு ஒரு எளநி வெட்டிக் குடுக்கறது எங்க வழக்கம். அந்தம்மாவுக்கு நான் ஒண்ணும் குடுக்கலியே" என்றார்.

"ரெண்டாம் சனிக்கிழமை பந்தி இருக்குண்ணே" என்றேன்.

"எத்தனை பேரு வருவாங்க?"

"நெறைய."

"சரி" என்றார். பையை எடுத்துக்கொண்டார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு: யார் கேட்டது என்று கேட்கும் அந்தக் கேள்வி, அதைக் கேட்பதற்கு முன் போடும் இலை. கேள்வி எனக்குச் சுலபமாக வரும். இலைதான் கஷ்டம். ஒரு கோர்ட்டில் ஒருமுறை நடந்ததை வைத்து மகிழ்ந்து உட்கார்ந்துவிட முடியாது. அவர் இருந்திருந்தால் இந்நேரம் அடுத்த வேலையைச் சொல்லியிருப்பார். எனவே, நான் செய்யப்போவது:

1. இரண்டாம் சனிக்கிழமை நிற்காது. வாழை இலைக்குச் சொல்லிவிட்டேன். சாம்பார் சாமுவேல் அண்ணன். ரசம் கதிர்வேலு சார். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

2. வீரையனுடைய ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் செல்வி வீட்டுக்குப் போவேன். ஜாமீன் நிற்பது கையெழுத்தோடு முடியாது.

3. ஜாமீன்தாரருக்குப் பட்டா கட்டாயமில்லை என்பது இன்று ஒரு சிரஸ்தாரின் நல்ல மனதில் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் போய்விடும். அது தமிழில் எழுதப்பட்டு, கோர்ட் அறிவிப்புப் பலகையிலும் சிறையில் வீட்டார் காத்திருக்கும் இடத்திலும் ஒட்டப்பட வேண்டும். தமிழரசி மனு எழுதுகிறார். நான் தினமும் போய் என்ன ஆயிற்று என்று கேட்பேன்.

4. பட்டுக்கோட்டை, கும்பகோணம், மயிலாடுதுறை. ஒவ்வொரு ஊரிலும் இதே உரையாடல். ஒவ்வொரு ஊரிலும் முதலில் அண்டா.

5. சங்கச் செயலாளரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். பந்திக்குக் கூப்பிடுவேன். வீரையனுக்கும் எனக்கும் நடுவில் உட்காரவைப்பேன். இலை எடுக்கும்வரை அவர் யாரென்று வீரையனுக்குச் சொல்ல மாட்டேன்.

6. அன்று முதலில் பேசுவது வீரையன். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நான் குறுக்கே பேச மாட்டேன். சரி, அக்கா, முயற்சி செய்கிறேன்.